கல்லின் கிழக்கு

சேந்தன் பெண் பார்க்கப் போனது படுத்தபடி. காரின் பின்சீட்டில் கண்ணைத் துண்டால் கட்டி, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியும் வைத்து, அவனைத் தொட்டிக்கரட்டில் கொண்டுபோய் இறக்கினார்கள். ஜமுக்காளத்தின் நடுவில் உட்கார்த்தியதும் பரிசலில் இருப்பவனைப் போல இரண்டு கையாலும் தரையைப் பிடித்துக்கொண்டான். வேணி காபி டம்ளரை நீட்டினாள். அதை வாங்க வேண்டுமென்றால் தரையை விடவேண்டும். அவன் விடவில்லை.

"நீங்களே ஊட்டி உட்ருங்க," என்றான்.

வேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் வரையில் கல்யாணம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. அவள் அப்பா நல்லப்பனுக்குத்தான் அது புரியவில்லை.

"தேங்கா லோடு ஏத்த வந்தப்பவே மாப்ளையைத் தெரியுமுங்க. நல்ல பையன்தான்," என்றார் அவர். "ஆனா படுத்த படுக்கையைப் பாத்துக்கறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். என்ற சம்சாரம் ஆறு வருசம் கெடந்தா. மாப்ளை அழைப்பன்னிக்கு அவரு உங்கூர்லயிருந்து என்ற வாசலுக்குச் சொந்தக் கால்ல நடந்து வரட்டும். வந்துட்டா அடுத்த நா தாலி. வல்லீன்னா கோவிச்சுக்காதீங்க."

சேந்தனின் அக்கா பூங்கோதை கூட வந்திருந்தாள். மனிதர் கேட்டதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

விஷக்காய்ச்சல் ஒன்று சேந்தனின் உட்காதைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. காது கேட்டது, நிலைதான் இல்லை. மேலே எது, எந்தப் பக்கம் திரும்பினோம் என்று உடம்புக்குச் சொல்லும் நரம்பில் முக்கால்வாசி போய்விட்டது. கண்ணை மூடினால் உலகம் ராட்டினம், திறந்தால் கொஞ்சம் மெதுவான ராட்டினம். காஷ்மீர் வரை லாரி ஓட்டியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனான்.

பூங்கோதைக்குச் சேலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. கல்லில் ஒளிந்திருக்கும் காந்தத்தை அளப்பவள். அவள் கணவன் ராக்கியண்ணன் அதே மலையடியில் பிறந்து, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வைத்திருப்பவர். "நான் தண்ணிக்கு ஓட்டை போடறேன், என்ற ஊட்டுக்காரி வெறுங்கல்லுக்கு ஓட்டை போடறா," என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார்.

பெண்வீட்டிலிருந்து திரும்பிய மறுவாரம் பூங்கோதை ஒரு பெட்டியோடு தம்பி முன்னால் உட்கார்ந்தாள். உள்ளே இரண்டு கால் வளையங்கள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு பொட்டு.

"கொலுசா?" என்றான் சேந்தன், கட்டிலைப் பிடித்தபடி. "மாப்ளைக்குக் கொலுசு போட்டு அனுப்பறியா?"

"வாயை மூடிட்டுக் காலை நீட்டுடா. உன் காதுக்கு வடக்கு எதுன்னு யாராச்சும் அசையாம சொல்லிக்கிட்டே இருந்தா நீ நின்னுருவே. டாக்டரம்மா ஒத்துக்கிட்டாங்க."

"செல்போன்லயே திசைகாட்டி இருக்குதே."

"அது காத்துல இருக்கற காந்தம். கரண்ட் கம்பி, லாரி, உங்க மச்சான் ரிக்கு, எது பக்கத்துல வந்தாலும் ஆடும். கல்லு ஆடாது. நம்ம அரிவாமலைக் கல்லு உருகிக் கெடந்து ஆறினப்ப, அதுக்குள்ள துளித்துளி இரும்பெல்லாம் அன்னைய வடக்கைப் பாத்துத் திரும்பிக்கிச்சு. இறுகினதுக்கப்புறம் அசையவே இல்ல. இந்த வளையம் உன் காலுக்கடியில இருக்கற கல்லைப் படிச்சு அந்த வடக்கை உன் காதுக்குச் சொல்லும். கல்லு எத்தனை பாகை தள்ளிப் பாத்தாலும், நம்மூரு வடக்குக்குச் சரியா அதைப் பொருத்தி வெச்சுட்டேன்."

வளையத்தை மாட்டி, பொட்டை ஒட்டி, கைபேசியில் ஒரு புள்ளியைத் தொட்டாள்.

சேந்தனின் முகம் மாறியதைப் பூங்கோதை பிற்பாடு பலமுறை விவரிக்கப் பார்த்திருக்கிறாள். ஒருமுறையும் சரியாக வரவில்லை. மின்விசிறியை நிறுத்தினால் கடைசியில் மூன்று இறக்கையும் தனித்தனியாகத் தெரியுமே, அந்த மாதிரி உலகம் அவன் கண்ணுக்குள் வந்து நின்றது. கட்டிலை விட்டான். எழுந்தான். ஒற்றைக் காலில் நின்றான். அடுத்த காலுக்கு மாறினான். பிறகு புளியம்பாறை ஊர் முழுக்க வேடிக்கை பார்க்க, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் ஏறி ஆடினான். அன்றைக்கே ஊர் அதற்குக் கல்லுக்காது என்று பெயர் வைத்துவிட்டது.

சேலத்து டாக்டரம்மா மட்டும் ஆடவில்லை. "ரெண்டு விஷயம்," என்றார் பூங்கோதையிடம். "மலையை விட்டு வண்டியில ஏத்தினீங்கன்னா இது வேலை செய்யாது, அப்ப படுக்க வெச்சு அணைச்சிருங்க. நிக்கும்போது திடீர்னு அணைக்கவே கூடாது. இன்னொரு பெரிய சுழல் வந்தா மிச்ச நரம்பும் போயிரும். அதுக்கப்புறம் எந்தக் கல்லும் பேச முடியாது."

இங்கேதான் பூங்கோதைக்குத் தூக்கம் போனது. அரிவாமலை பேருக்கேற்ற அரிவாள் மலை. புளியம்பாறையிலிருந்து நேர் வடக்கே ஓடி, நடுவில் வளைந்து, கிழக்கே திரும்பித் தொட்டிக்கரட்டில் முடிகிறது. வளைவுக்கு இந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு, அந்தப் பக்கம் பெண் வீடு. அந்த மலை பிறக்கும்போதே வளைந்து பிறந்ததா, நேராகப் பிறந்து பிறகு வளைக்கப்பட்டதா? அவள் துறையில் அது பழைய சண்டை. இத்தனை நாள் அவளுக்கு அதில் பதவி உயர்வுக்கு மேல் எதுவும் இருந்ததில்லை.

"பொறக்கும்போதே வளைஞ்சிருந்தா கல்லெல்லாம் ஒரே வடக்கைப் பாக்கும்," என்று கணவனிடம் விளக்கினாள். "பொறகு வளைஞ்சிருந்தா, கல்லோட சேந்து வடக்கும் திரும்பியிருக்கும். தம்பி நடக்க நடக்க அவன் வடக்கு சுத்தும். நடுரோட்டுல விழுந்துருவான் மாமா."

"அப்ப ஓட்டை போட்டுப் பாத்துரலாம்," என்றார் ராக்கியண்ணன்.

சிறிய ரிக்கை எடுத்துக்கொண்டு மலையடிவாரம் நெடுகிலும் விரல்நீளக் கல்துண்டுகளாக உருவியெடுத்தார். காந்தக்கல் பக்கத்தில் காந்த ஊசி பொய் சொல்லும். அதனால் ஒவ்வொரு துண்டையும் வெட்டியெடுக்கும் முன்பே அதன் மேற்குப் பக்கம் எதுவென்று ஓர் அம்புக்குறி போட்டுக் கொடுக்கும்படி பூங்கோதை கேட்டிருந்தாள். துண்டுகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றிலும் அம்பு, அம்பின் தலையில் 'மே' என்று ஓர் எழுத்து. அவள் அளந்தாள். புளியம்பாறைக் கல்லும் தொட்டிக்கரட்டுக் கல்லும் பாகை பிசகாமல் ஒரே பக்கம் பார்த்தன. இவ்வளவு சுத்தமான முடிவை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. சந்தேகம் அங்கேயே வந்திருக்க வேண்டும். வரவில்லை. தம்பிக்குக் கல்யாணம் என்ற மயக்கத்தில் ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை அழைப்பன்று காலையில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் ஜமாப் மேளம், நடுவில் பட்டு வேட்டியும் தலைப்பாகையும் கால்வளையமுமாகச் சேந்தன், சுற்றிலும் அவனுடைய லாரிக் கூட்டாளிகள். ஒவ்வொரு ஊர் வாசலிலும் தண்ணீர்ப்பந்தல், ஒவ்வொரு பந்தலிலும் ஓர் ஆட்டம். வழியில் கண்டவர்களெல்லாம் கூடவே நடந்தார்கள். 'நடக்கிற மாப்பிள்ளை'யைப் பார்க்கப் பள்ளிக்கூடம் ஒன்று மதியமே விட்டுவிட்டது. கோழித்தீவன வேன்காரர் ஒருவர் வண்டியை ஓரம்கட்டிவிட்டு, இறக்க வேண்டிய மூட்டையை மறந்து ஆடினார். பூங்கோதையும் ராக்கியண்ணனும் மாற்று மின்கலங்களோடு ஜீப்பில் பின்னால் ஊர்ந்தார்கள். மேளம் ஜீப்பின் தகரத்தை அதிரவைத்தது. பூங்கோதைக்குச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது.

வளைவு தாண்டியதும் ஒரு பந்தலில் ஊர்வலத்தை முன்னால் விட்டுவிட்டு இறங்கினார்கள்.

"மாமா, தண்ணி லாரி எங்க நிக்குது?"

"அதா, மேக்கால," என்றார் ராக்கியண்ணன், இடக்கையை நீட்டி.

அவள் அந்தப் பக்கம் பார்த்தாள். மலையடியில் லாரி நின்றது. சூரியன் ஜீப்பின் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது.

"அது வடக்கு மாமா."

"மலை இருக்கற பக்கம் மேக்குதான கோதை?"

"நம்மூர்ல மேக்கு! இங்க மலை வடக்கால வந்துருச்சு. ரோடே திரும்பிருச்சில்ல? ராஜஸ்தான் வரைக்கும் ரிக் ஓட்டினவரு…"

"ராஜஸ்தான்ல ராஜஸ்தான் கணக்கு. இந்த மலையடியில எங்கப்பன் காலத்துலயிருந்து மேல் பக்கம்னா மேக்கு. மேடு மேக்கு, பள்ளம் கிழக்கு. நீயும் அப்படித்தான பேசுவே?"

அவள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினாள்.

"கல்லுல 'மே'ன்னு போட்டீங்களே…"

"மேல் பக்கம். மலைப்பக்கம்."

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணு விடல," என்றார் அவர் திருப்தியோடு. அவள் முகத்தைப் பார்த்ததும் திருப்தி போய்விட்டது. "ஏன், நீ மேக்குப் பக்கம்னுதான சொன்னே?"

சொன்னாள்தான். மலைக்குக் கிழக்கே பிறந்தவள். மேற்கு என்றாலே மலை என்று வளர்ந்தவள், அதே மாதிரி வளர்ந்த ஒருவரிடம் மேற்கைக் குறித்துத் தரச் சொல்லியிருக்கிறாள். புளியம்பாறையில் 'மே' என்றால் மேற்கு. தொட்டிக்கரட்டில் 'மே' என்றால் வடக்கு. கால் வட்டம் பிழை. கல்லெல்லாம் ஒரே பக்கம் பார்க்கவில்லை. கல்லெல்லாம் மலையைப் பொறுத்து ஒரே பக்கம் பார்த்திருக்கிறது. மலை வளைந்திருக்கிறது, கல்லோடு, வடக்கோடு. தம்பி அந்த வளைவுக்குள் போய்விட்டான்.

"ஓட்டுங்க!"

"முன்னால கூட்டம் கோதை…"

அவள் ஜீப்பை விட்டுவிட்டு ஓடினாள். பட்டுப்புடவையை ஒரு கையில் அள்ளிக்கொண்டு, இன்னொரு கையில் கைபேசி. திரையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி, நிறுத்துவதற்கு. தொட்டால் சுழல். தொடாவிட்டாலும் சுழல், எந்த நிமிஷமும். கூட்டத்தில் முழங்கையால் வழி பண்ணினாள். "சம்பந்தியம்மா ஆட வர்றாங்க, வழி உடுங்கடா!" என்று யாரோ கத்த, நாலைந்து பெண்கள் அவளை நடுவில் தள்ளிவிட்டார்கள். மேளக்காரர்கள் அவளுக்காகவே தாளத்தை ஏற்றினார்கள்.

நடுவில் சேந்தன் ஆடிக்கொண்டிருந்தான். இரண்டு கையும் மேலே, தலைப்பாகை பின்னந்தலையில். விழவில்லை. தள்ளாடக்கூட இல்லை.

"தம்பி! தலை சுத்துதா?"

"என்னக்கா?"

"வளைவு! வளைவுல தலை சுத்துச்சா?"

"எந்த வளைவு?"

"இப்பத் தாண்டினோமேடா, அந்தத் திருப்பம்!"

சேந்தன் திரும்பிப் பார்த்தான். ஆட்டத்தை நிறுத்தவில்லை. "ரோடு நேராத்தானக்கா வந்துச்சு? நேர் வடக்கா வந்துட்டிருக்கறம்." பிறகு எதையோ நினைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "ஆனா ஒண்ணு. இந்தச் சூரியனுக்குத்தான் என்னமோ ஆயிருச்சு. தெக்கால போயிட்டிருக்குது. ஆரும் கவனிக்கல. நானும் கல்யாண நேரத்துல எதுக்குன்னு சொல்லல."

பூங்கோதையின் விரல் திரையை விட்டு விலகியது. நடுரோட்டில், மேளத்துக்கு நடுவில், அவளுக்கு விளங்கியது. கல்லின் வடக்கு திரும்பியது, பாதையும் திரும்பியது, தம்பியும் திரும்பினான். மூன்றும் ஒரே அளவு. அவன் காதுக்கு எதுவுமே திரும்பவில்லை. மலை வளைவதற்கு முன்னால் இருந்த நேரான மலையோரமாக அவன் நடந்துகொண்டிருந்தான். வழி தவறியது சூரியன் மட்டும். இத்தனை வருஷம் எந்த ஆய்வுக்கூடமும் தராத சாட்சி, கொலுசு மாதிரி வளையம் போட்டுக்கொண்டு ஜமாப்புக்கு ஆடியது.

அவள் கைபேசியை இடுப்பில் செருகினாள். ஆடினாள். அவளுக்கு ஆடத் தெரியாது. மூச்சிரைக்க வந்து சேர்ந்த ராக்கியண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "சரியாப் போச்சா? என்ற மேல தப்பில்லியே?" என்று நாலு முறை கேட்டார்.

"உங்க 'மே' தான் மாமா சரி! என் மேக்குதான் தப்பு! ரெண்டும் சேந்து தப்பு! ஆடுங்க!"

பொழுது சாய்வதற்குள் சேந்தன் நல்லப்பன் வாசலில் வந்து நின்றான். வேணி காபி கொண்டுவந்தாள். வாங்கி, நின்றபடியே குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தான். நல்லப்பன் அந்த வெறும் டம்ளரை மகள் கையிலிருந்து வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். அன்று மாலை வேணியும் அவனும் கொல்லைப்புறத்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் எதையோ ஒவ்வொன்றாகக் கைகாட்டிச் சொல்ல, அவள் சிரித்துச் சிரித்துத் திருப்பிச் சொல்வது சமையல்கட்டுவரை கேட்டது.

மறுநாள் காலை. பந்தல் நிறைந்திருந்தது. கொங்குக் கல்யாணத்தை நடத்திவைக்கும் பெரியவருக்கு அருமைக்காரர் என்று பெயர். அவர் மணை போட்டுவிட்டு, "மாப்ளை, கிழக்க பாத்து உக்காருங்க," என்றார்.

சேந்தன் மரியாதையாக மணையைத் தூக்கி, திருப்பிப் போட்டு, தெற்கு பார்த்து உட்கார்ந்தான்.

மேளம் நின்றது. கல்யாணத்தில் தெற்கு பார்த்து உட்காருவது எமனுக்குப் பத்திரிகை வைப்பதற்குச் சமம்.

"மாப்ளை, அது தெக்கு," என்றார் அருமைக்காரர் மெதுவாக.

"கிழக்குங்க," என்றான் சேந்தன். உதிக்கிற சூரியனைக் கைகாட்டினான். "சூரியன்தானுங்க வடக்கால வந்து நிக்குது. உங்களுக்காகத் திரும்பச் சொன்னா திரும்பிக்கறேன். ஆனா கிழக்குன்னு கேட்டீங்கன்னா இதுதான்."

நல்லப்பன் எழுந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. "நடந்து வந்தாரு, சரி. கிழக்கு எதுன்னு தெரியாதவருகூட என்ற பொண்ணு எப்படிங்க குடும்பம் நடத்தும்? அம்மிணி, அந்தக் கருவியைச் சரியாத் திருப்பி வையுங்க. அப்பறம் தாலி."

திருப்பலாம். ஒரு தொடுகைதான். கால் வட்டத்தை ஒரே கணத்தில். நிற்கும் சுவரெல்லாம் அவன் தலைக்குள் ஒருமுறை ஓடிவிட்டு நிற்கும். டாக்டரம்மா சொன்ன அந்தப் பெரிய சுழல் அதுதான். படுக்கவைத்து அணைத்துவிட்டு நிதானமாகத் திருப்ப ஒரு நாள் வேண்டும், முகூர்த்தம் காத்திருக்காது. பூங்கோதை அதைச் சொன்னாள்.

சேந்தன் அக்காவைப் பார்த்தான். "திருப்பிரு அக்கா. விழுந்தா விழுந்துட்டுப் போறேன்."

அவள் கைபேசியை எடுத்தாள்.

"நங்கை, இருங்க," என்றாள் வேணி. நாத்தனாரை அந்தப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாலையோடு மணமேடைக்கு வந்தவள் அங்கேயே நின்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு பாக்கறது பொய்யா?"

பூங்கோதை யோசித்தாள். ஆய்வுக்கூடத்தில் இந்தக் கேள்விக்கு நாற்பது பக்கத்தில் பதில் எழுதுவார்கள். "பொய்யில்ல கண்ணு. மலை வளையறதுக்கு முன்னால உங்கூட்டுக் கல்லும் எங்கூட்டுக் கல்லும் ஒரே கிழக்கைத்தான் பாத்துட்டிருந்துச்சு. அப்பறம் உங்கூட்டுப் பக்கம் திரும்பிக்கிச்சு. இவன் பாக்கறது அந்தப் பழைய கிழக்கு."

வேணி தன் மணையை எடுத்தாள். சேந்தனுக்குப் பக்கத்தில், அவன் பார்த்த பக்கமே பார்க்கும்படி போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன சாமி பண்றே, தெக்கு பாத்துட்டு!" என்றார் நல்லப்பன்.

"நான் எங்கீங்கப்பா தெக்கு பாக்கறேன்? அவரோட கிழக்கைப் பாக்கறேன்."

எல்லோரும் அருமைக்காரரைப் பார்த்தார்கள். அவர் சூரியனைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கடைசியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மாப்ளை, மனசாரக் கிழக்குன்னுதான சொல்றீங்க?"

"சத்தியமா கிழக்குங்க."

"பொண்ணும் ஒத்துக்கிச்சு. முகூர்த்தம் போயிட்டிருக்குது. மேளம்!"

ஒரு கணம் மேளக்காரர்கள்கூட நல்லப்பனுக்காகக் காத்திருந்தார்கள். அவர் முன்வரிசைக்குப் போனார். அங்கிருந்து பார்த்தால் மகளின் தோள்தான் தெரிந்தது. தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கினார், மேடையைச் சுற்றி நடந்தார், தெற்குப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டு மகள் முகத்துக்கு நேரே உட்கார்ந்தார்.

அடுத்து வேணியின் சித்தப்பா நாற்காலியைத் தூக்கினார். பிறகு முன்வரிசை. பிறகு பந்தலே. நூற்றுக்கணக்கான நாற்காலிகள் சிமெண்டில் கறகறவென்று இழுபட, குழந்தைகள் கூச்சலிட, மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. கடைசி வரிசைக்காரர்களுக்குப் பந்திக்கூடம் குறுக்கே நின்றதால் நகர இடமில்லை. அவர்கள் இருந்த இடத்திலேயே கொஞ்சம் திரும்பினார்கள். நடுவில் இருந்தவர்கள் பாதி நகர்ந்து பாதி திரும்பினார்கள். எந்த வரிசையும் உடையவில்லை. ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்து ஒரு சாண் நகர்ந்ததில், நேராக இருந்த வரிசையெல்லாம் வளைந்துவிட்டது. கோடி வருஷமாக நடக்கிற காரியத்தைப் பூங்கோதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாலி ஏறிவிட்டது. அரிசி எங்கே விழுகிறதென்று தெரியாமல் எல்லாத் திசையிலிருந்தும் வந்து விழுந்தது.

மணையை மாற்றி வேணி மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். போட்டோக்காரர் படியில் ஏறி நின்று, இருவருக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறதென்று கையை ஆட்டினார்.

வேணி குனிந்த தலை நிமிராமல், "கொஞ்சம் வடக்கால நகருங்க," என்றாள்.

நல்லப்பன் வடக்கே பார்த்தார். சேந்தன் சூரியன் பக்கம் நகர்ந்து அவளை ஒட்டி உட்கார்ந்தான்.